சாணைக்கல்லா, தீட்டுக்கல்லா?

சவரக்கத்தியைக் கூராக்கும் கல்லுக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமல் 'சாணைக்கல்' என்போம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தச் சொல்லால் ஒரு கத்தியை இழக்கும் வரைக்கும்.

அது தாத்தாவின் கத்தி. ஜெர்மனியில் சோலிங்கன் என்ற ஊரில் செய்தது. முதுகு தடித்து, இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குழிந்து, வாய்ப்பக்கம் வரும்போது தாளைப்போல மெலிந்திருக்கும். அம்மா அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். மழுங்கிப்போயிருந்ததால், இங்கே சிங்கப்பூரில் தேக்கா பக்கம் கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் கூராக்கிக் கொடுக்கிற ஒருவரிடம் கொண்டுபோய், "அண்ணே, இதைக் கொஞ்சம் சாணை பிடிச்சுக் குடுங்க" என்றேன். அவர் நான் கேட்டதைத்தான் செய்தார். மின்சாரச் சக்கரத்தில் வைத்தார், பொறி பறந்தது, இரண்டே நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டார். வாயோரம் முழுக்க நீலம் பூத்திருந்தது. எஃகு அந்த நிறத்துக்குப் போய்விட்டால் சூட்டில் அதன் கடினம் இறங்கிவிட்டது என்று பொருள். அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் கூர் நிற்காது. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தப்பு நான் சொன்ன சொல்லில் இருந்தது. அதற்கப்புறம்தான் இந்தச் சொற்களை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் சாணை. இது வடமொழியின் 'சாண' என்ற சொல்லிலிருந்து வந்தது. கூராக்குதல், மெல்லியதாக்குதல் என்ற பொருளுள்ள வேர் அதற்கு. வடமொழியில் அந்தச் சொல்லுக்குக் கூராக்கும் கல் என்ற பொருளோடு பொன்னை உரசிப் பார்க்கும் உரைகல் என்ற பொருளும் உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், ஆங்கிலத்தில் சவரக்கத்திக் கல்லைச் சொல்லும் 'ஹோன்' என்பதும், இலத்தீனில் தீட்டும் கல்லைக் குறித்த 'கோஸ்' என்பதும் இதே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. சவரக்கத்தி தீட்டும் பெல்ஜியத்துக் கல் ஒன்றுக்கு 'கோட்டிகுல்' என்று பெயர் வந்தது அந்த 'கோஸ்' என்பதன் சிறுமை வடிவத்திலிருந்து, அதாவது 'சின்னக் கல்'. இலத்தீனிலும் அந்தச் சின்னக் கல் உரைகல்லையும் குறித்தது! ஆக, ஹோனும் கோட்டிகுலும் சாணையும் தூரத்துப் பங்காளிகள். அகராதிப்படி பார்த்தால் சாணைக்கல் என்று சொன்னதில் பிழையே இல்லை.

ஆனால் சொல் அகராதியில் மட்டுமா வாழ்கிறது? தமிழில் 'சாணை பிடித்தல்' என்றால் நம் கண்முன் வருவது சுற்றும் சக்கரம்தான். தெருவில் மிதிவண்டியை நிறுத்தி, பெடலை மிதித்துக்கொண்டே அரிவாள்மணைக்கும் கத்திக்கும் பொறி பறக்கவைக்கும் சாணைக்காரர். பழைய சாணைச் சக்கரத்தை அரக்கை உருக்கி அதில் குருந்தக்கல் பொடியைக் கலந்து செய்வார்கள். இந்தக் குருந்தம் என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லியாக வேண்டும். வைரத்துக்கு அடுத்தபடி கடினமான அந்தக் கனிமத்தை உலகம் முழுக்க 'கொரண்டம்' என்கிறார்கள், அது தமிழின் குருந்தம்தான். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கிடைக்கிற கல். 1890களில் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் செயற்கையாகச் சிலிக்கன் கார்பைடு செய்தபோது, கார்பனையும் கொரண்டத்தையும் சேர்த்துத்தான் 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். வன்பொருள் கடையில் உப்புத்தாள் வாங்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சாணை கடலையும் தாண்டியிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். மலாயில் 'சானாய்' என்றால் சாணைக்கல்லில் தீட்டுவது, மெருகேற்றுவது. மாவை அழுத்தித் தேய்த்து மெல்லியதாக்குவதும் அதே சொல்தான். நாம் சிங்கப்பூரில் பிராட்டா என்பதை ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் ரொட்டி சானாய் என்கிறார்களே, அந்தச் சானாய். சென்னையிலிருந்து வந்த ரொட்டி, அதனால் சானாய் என்று கேட்டிருப்பீர்கள். மலாயில் அந்த வினைச்சொல்லே தனியாக இருக்கும்போது ஊர்ப்பெயரைத் தேடிப்போக வேண்டியதில்லை. கல்லிலும் கையிலும் தேய்த்து மெல்லியதாக்குதல், இரண்டுக்கும் ஒரே சொல்; ஒலியும் பொருளும் இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து வருவதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. (கூராக்கும் கல்லுக்கு மலாயில் அன்றாடம் சொல்வது பாத்து அசா.)

சரி, சவரக்கத்திக்கு வருவோம். அதற்குச் சரியான வினை 'தீட்டுதல்'. தூய தமிழ்ச் சொல். மை தீட்டுகிறோம், ஓவியம் தீட்டுகிறோம், கத்தி தீட்டுகிறோம்: மூன்றிலும் ஒன்றின்மேல் இன்னொன்றை மெல்ல இழுத்துத் தடவும் கைவாகு ஒன்றுதான். கண்ணுக்கு மை இழுக்கும்போது எவ்வளவு அழுத்துவோமோ அவ்வளவுதான் சவரக்கத்தியைக் கல்லில் அழுத்த வேண்டும். சொல்லுக்குள்ளேயே செய்முறை இருக்கிறது. 'தீட்டு என்றால் விலக்கு இல்லையா' என்று சிலர் கேட்பார்கள். அது பெயர்ச்சொல், பயன்பாடு வேறு. தீட்டுக்கல் என்று சேர்த்துச் சொல்லும்போது யாருக்கும் குழப்பம் வராது.

'தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறதா' என்ற பழமொழி தெரியாதவர் இருக்க மாட்டார்கள். நன்றி கெட்டவனைச் சொல்வது என்பதோடு நாம் அதை விட்டுவிடுகிறோம், அதில் மரம் ஏன் வந்தது என்று கேட்பதில்லை. ஊரில் அரிவாளைத் தீட்டியது பெரும்பாலும் மரக்கட்டையில்தான். வெள்ளைக்கல்லை இடித்துப் பொடியாக்கி, கட்டைமேல் தூவி, அதில் அரிவாளை இழுப்பார்கள். பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை அப்படித்தான் கூராக வைத்திருந்தார்கள். வெள்ளைக்கல் என்பது குவார்ட்சு. கடினமான துகள், அதைத் தாங்கிப் பிடிக்கக் கொஞ்சம் மென்மையான தளம்: இயற்கைத் தீட்டுக்கல் பலவற்றின் உள்ளமைப்பும் இதுவேதான். அந்தக் கட்டையிலும் பொடியிலும் கை செய்ததைக் கல்லில் பூமி செய்து வைத்திருக்கிறது.

கோட்டிகுலை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தில் ஆர்டென் மலைப்பகுதி, வியல்சாம் சுற்றுவட்டாரம். வெளிர்மஞ்சள் கல். அதற்குள் நுண்ணிய செம்மணிக்கல் படிகங்கள், ஆங்கிலத்தில் கார்னெட் என்கிறார்களே அதேதான், நெருக்கமாகப் பதிந்திருக்கும். அவை கூர்முனை இல்லாமல் கிட்டத்தட்ட உருண்டையாக இருப்பதால் எஃகில் ஆழமாகக் கீறாது. இந்த மஞ்சள் அடுக்கு மெல்லியது, எளிதில் உடையும், அதனால் பலகைக்கல்லில் ஒட்டி விற்பார்கள். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊர்ப்பக்கம் கிடைப்பது இன்னொரு வகை, அநேகமாக முழுக்கச் சிலிக்கா. அந்தப் பாறைக்குப் புவியியலில் 'நோவாகுலைட்' என்று பெயர்; இலத்தீனில் 'நோவாகுலா' என்றால் சவரக்கத்தி. பாறைக்கே சவரக்கத்திக் கல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! இதில் துகள் கல்லைவிட்டு உதிராது. எண்ணெய் விட்டுத் தேய்ப்பார்கள், வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் ஒளி ஊடுருவும் வகையிலும் கறுப்பு வகையிலும் கடைசி மெருகு அருமையாக வரும். ஜப்பானில் கியோட்டோவைச் சுற்றிய மலைக்கல்தான் பேர்போனது. நருதாகி போன்ற சுரங்கங்களின் கல்லை இன்று விலை கேட்டால் மலைத்துப்போவீர்கள், ஏனென்றால் சுரங்கங்கள் பெரும்பாலும் மூடிவிட்டன. சீனாவின் குவாங்ஷி பகுதிக் கல் விலை மலிவு, நம் ஊருக்கு வரவழைப்பதும் சுலபம். இழுக்க வேண்டிய எண்ணிக்கைதான் கூடுதல். அதை '12,000' என்று, துகளின் நுண்மையைக் காட்டும் எண் போட்டு விற்பார்கள், அந்த எண்ணை நம்பாதீர்கள். செயற்கைக் கல்லில் துகளைச் சலித்துச் சேர்க்கிறார்கள், அதனால் அங்கே எண்ணுக்குப் பொருள் உண்டு. பூமி சலித்துக் கொடுப்பதில்லை.

ஜப்பானியர் கல்லை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: அராதோ, நகாதோ, ஷியாகேதோ. 'தோ' என்றால் தீட்டும் கல். முரட்டுக்கல், நடுத்தரக்கல், முடிக்கும் கல். தமிழில் முதற்கல், இடைக்கல், முடிப்புக்கல் என்று வைத்துக்கொள்கிறேன். நடுவில் உள்ளதை 'நடுக்கல்' என்று சொல்லலாமே என்றார் ஒரு நண்பர். போரில் விழுந்த வீரனுக்கு நட்ட நடுகல்லோடு அது குழம்பும், வேண்டாம். சவரக்கத்திக்கான இயற்கைக் கல் என்று நாம் பேசுவது பெரும்பாலும் முடிப்புக்கல்லைத்தான். முதல் இரண்டு கட்டத்துக்குச் செயற்கைக் கல்லே போதும், 1,000 எண்ணில் வாயை அமைத்து, 4,000, 8,000 என்று ஏறிவந்து, கடைசிக்கு இயற்கைக் கல். வாய் சரியாக அமையாத கத்தியை எவ்வளவு விலையுள்ள முடிப்புக்கல்லும் காப்பாற்றாது. புதிதாக வருபவர்கள் பணத்தை இழப்பது இங்கேதான்.

கல் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது கொஞ்சம்தான். ஈரமாக்கி நகத்தாலும் விரல் நுனியாலும் மேற்பரப்பு முழுக்கத் தடவுங்கள். எங்காவது நெருடினால், அல்லது நிறம் மாறிய கோடு ஒன்று மேலே வந்து கத்தியைத் தட்டினால், அந்தக் கல் சமையல் கத்திக்கு ஆகும், சவரத்துக்கு ஆகாது. அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, உள்ளங்கை அகலக் கல்லிலும் தீட்டலாம். தட்டையாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடித் தகட்டின்மேல் நீர் படக்கூடிய உப்புத்தாளை வைத்து, கல்லில் பென்சில் கோடு போட்டு, கோடெல்லாம் அழியும் வரை தேய்த்துவிடுங்கள். ஜப்பானிய முடிப்புக்கல்லைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், அடுக்கு பிரிந்து விரிசல் விடும். மேலே தெளித்தால் போதும். பக்கங்களுக்கு அரக்குப் பூச்சு கொடுப்பது அதற்காகத்தான்.

தீட்டும்போது கத்தியின் முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படிய வேண்டும். முதுகின் தடிமனே கோணத்தைத் தீர்மானிக்கிறது, பெரும்பாலும் 16 முதல் 18 பாகை, அதனால் நீங்கள் கோணம் பிடிக்கத் தேவையில்லை, முதுகைத் தூக்காமல் இருந்தாலே போதும். வாய் முன்னே போகும்படி தள்ளி, முனையில் முதுகின்மேலேயே புரட்டி, திரும்பி வாருங்கள். கத்தியின் எடையே அழுத்தம். கோட்டிகுலில் சின்னத் துண்டுக்கல்லால் தேய்த்துப் பால்போலச் சேறு எழுப்பி ஆரம்பிக்க வேண்டும், சேற்றில் செம்மணி விடுபட்டு வேகமாக அறுக்கும். அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து நீர்க்கவிட்டு, கடைசியில் வெறும் தண்ணீரில் முடிக்க வேண்டும். ஜப்பானியர் சேறு எழுப்பும் சின்னக் கல்லை நகுரா என்பார்கள். அதற்குத் தமிழில் 'சேற்றுக்கல்' என்று சொல்லிப் பார்த்தேன், வாய்க்கு நன்றாகவே இருக்கிறது.

என் இரண்டாவது கத்தி சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் வாங்கியது, அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடுவதற்குச் சில மாதம் முன்னால். அதுவும் மழுங்கிய கத்திதான், அங்கங்கே துரு. இந்த முறை யாரிடமும் கொடுக்கவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறை மேடையில், ஈரத்துணி விரித்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு தலைமுடியை நுனியில் பிடித்து வாய்மேல் தொட்டால் சத்தமில்லாமல் விழ வேண்டும், அதுதான் பதம். மூன்றாம் ஞாயிறு விழுந்தது. நம் ஊரில் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல், ஒரே இரவில் வாயோரம் துரு பிடித்துவிடும், ஆகவே துடைத்து எண்ணெய் தடவாமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

இன்னும் இரண்டு சொல் பாக்கி. கல்லுக்குப் பிறகு கத்தியை இழுக்கும் தோல்பட்டைக்கு வார் என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. 'தீட்டு வார்' என்றால் போதும். வாரில் மட்டும் முதுகு முன்னே போக வேண்டும், வாய் முன்னே போனால் தோலை அறுத்துவிடும். அப்புறம், கத்தி, கல், வார், கிண்ணம் எல்லாவற்றையும் வைத்துச் சுருட்டும் பைக்கு நம் நாவிதர்கள் வைத்த பெயர் அடைப்பம். தேக்காவில் இன்று முடி திருத்தும் கடைகளில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளேடுதான், அடைப்பத்தைப் பார்க்க முடியாது. என் கத்தியையும் கல்லையும் வைக்கத் தடித்த துணியில் ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன். தையற்கடை அக்கா ரசீதில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். அடைப்பம் என்றே எழுதச் சொன்னேன்.