மாடியறை விமானமும் பெரியப்பாவின் ட்ரங்குப் பெட்டியும்

காட்பாடியில் முப்படைத் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார்செய்யும் பணியைத் தொடங்கி எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் இருபது ஆண்டுகள் இந்திய விமானப்படையில் விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கும் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தேன். தாம்பரத்தில் பயிற்சி முடித்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை மிக்-21 போர் விமானங்களின் அடியிலும் அவற்றில் சாத்திய ஏணிகளிலுமே கழித்தவன். அண்மைக்காலமாக என் வகுப்புக்கு வரும் மாணவர்களில் சிலர் போர் விமானங்களைப் பற்றிப் பேசும்போது நான் நிமிர்ந்து உட்காருகிறேன். ரேடாரின் வகைகள், ஏவுகணையின் தொலைவு, தரையிறங்கும் கோணம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கேட்டால், கணினியில் போர் விமானம் ஓட்டிப் பழகுவதாகச் சொல்கிறார்கள்.

இந்தப் பழக்கத்தைப் பற்றிப் பெற்றோர் என்னிடம் கேட்பதெல்லாம் கண் கெடுமா, மதிப்பெண் குறையுமா என்பதுதான். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மருத்துவர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு படைவீரர் இருக்கும் நம் வட ஆற்காட்டில் வேறொரு ஆபத்து இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

கணியம்பாடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிளஸ் டூ படிக்கும் மாணவன் ஒருவன் என்னிடம் வருகிறான். இரவு வெகுநேரம் மாடியறையிலேயே இருக்கிறான், ஒருமுறை வந்து பாருங்கள் என்று அவன் தாயார் கேட்டுக்கொண்டதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பழைய தையல் மெஷினின் மேசைமேல் ஒரு மடிக்கணினி இருந்தது; மேசையின் ஒரு விளிம்பில் ஜாய்ஸ்டிக்கையும் மறு விளிம்பில் இன்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலையும் முறுக்கிப் பொருத்தியிருந்தான். திரையில் மிக்-21 பிஸ் விமானத்தின் காக்பிட் தெரிந்தது. பேட்டரி, கைரோ, எரிபொருள் பம்புகள் என்று ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, த்ராட்டிலை ஐடில் நிலைக்குக் கொண்டுவந்து, ஸ்டார்ட் பொத்தானை அழுத்திவிட்டு, இன்ஜினின் சுழற்சி ஏறுவதையும் வெப்பமானியின் முள் எழுவதையும் மாறி மாறிக் கவனித்தான். ஏணியில் நின்று எத்தனையோ பைலட்டுகளின் தோளுக்கு மேலாக நான் பார்த்த அதே காட்சி. 1963-ல் நம் படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற விமானம் அது. ஒரு தையல் மேசையின்மேல் அது மறுபடி உயிர்பெறுவதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மென்பொருள் நன்றாகவே செய்யப்பட்டிருந்தது. டி.சி.எஸ். என்று பிள்ளைகள் சொல்லும் இந்த மென்பொருளின் வேர், 1995-ல் வெளிவந்த சுகோய்-27 விளையாட்டில் இருக்கிறது. அதே நிறுவனம் அமெரிக்க நேஷனல் கார்டு விமானிகளுக்காக ஏ-10சி தாக்குதல் விமானத்தின் மேசைக்கணினிப் பயிற்சிக் கருவி ஒன்றைச் செய்துகொடுத்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 2011-ல் பொதுமக்களுக்கு வந்த ஏ-10சி பதிப்பு. ஆகவே இதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. பறக்கும் முறைமைகளை இது உண்மையாகவே கற்றுக்கொடுக்கிறது.

உடம்பு படும் பாட்டை மட்டும் அது சொல்லாது. ஈர்ப்பு விசை ஏழு மடங்காக அழுத்தும் 7 ஜி திருப்பத்தில் 65 கிலோ எடையுள்ள ஓர் இளைஞனின் உடல் 455 கிலோவாகக் கனக்கும், ஏறக்குறைய ஆறு அரிசி மூட்டை. தலையிலிருந்து இரத்தம் இறங்கிப் பார்வை மங்கி நினைவு தப்பும் நிலை அங்கேதான் வருகிறது. அதைத் தாங்கக் காலிலும் வயிற்றிலும் தசையை இறுக்கி மூச்சைக் கட்டுப்படுத்தும் பயிற்சியைப் பெங்களூரு விமானப்படை மருத்துவ நிறுவனத்தின் சுழல் எந்திரத்தில் கொடுக்கிறார்கள். தரையில் நாங்கள் செய்யும் வேலையும் திரையில் கிடையாது. ஒரு ஸ்பானர் கணக்கில் குறைந்தால் அது கிடைக்கும்வரை விமானம் நகராது. விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700-ல் நாங்கள் கையெழுத்திட்ட பிறகுதான் பைலட் கையெழுத்திட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார். இவற்றையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவன் ஒரு ஃபோல்டரைத் திறந்தான்.

"சார், இதுல இருக்கிற நம்பர்லாம் சரியான்னு பாத்துச் சொல்லுங்க. இது ஒரிஜினல்."

பதினோரு படங்கள். நீல மையில், அழகான கையெழுத்தில், அட்டவணை போட்டு எழுதிய ஒரு நோட்டின் பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் ஊதா மையில் 'ரெஸ்ட்ரிக்டட்' என்ற முத்திரை. விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற அவன் பெரியப்பாவின் ட்ரங்குப் பெட்டியில், சீருடைக்கு அடியில் இருந்த நோட்டு அது; அதில் இருந்தது இன்றும் பறக்கும் ஒரு விமானத்தைப் பற்றியது. விளையாட்டுக்குழுவில் பழக்கமான, முகம் தெரியாத நண்பர் ஒருவர் இந்திய விமானங்களைக் கணினிக்குக் கொண்டுவரப்போவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் சக்கரத்தின் காற்றழுத்தம் கேட்டார். அடுத்து வேக வரம்பு. பிறகு பெரியப்பா எந்தத் தளத்தில் இருந்தார், ஒரு நாளைக்கு எத்தனை முறை விமானங்கள் கிளம்பும், அவருடைய நண்பர்கள் யாராவது இன்னும் பணியில் இருக்கிறார்களா என்று கேள்விகள் நீண்டிருந்தன. படங்களை அனுப்புவதற்கு முன் எண்களைச் சரிபார்க்க வேண்டும் என்ற பொறுப்புணர்வில் அந்தப் பிள்ளை என்னிடம் காட்டினான். அந்தப் பொறுப்புணர்வுதான் அவனைக் காப்பாற்றியது.

காபியோடு வந்த தாயார் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, கேம் ஆடுறதுக்கா இவ்ளோ பயப்படறீங்க?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நிஜப் போர்க்கருவிகளைக் கணினியில் இயக்கிப் பார்க்கும் சிமுலேஷன் விளையாட்டு உலகில் இரகசியம் வெளியேறுவது பெரும்பாலும் பணத்துக்காக அல்ல. விளையாட்டில் வரும் கருவி நிஜத்தைப் போல இல்லை என்ற மனக்குறையும், தான் சொல்வதே சரி என்று நிரூபிக்கும் வீம்பும்தான் காரணங்கள். 2021-ல் 'வார் தண்டர்' விளையாட்டின் விவாத மேடையில், பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கியை விளையாட்டில் தவறாக வடிவமைத்திருக்கிறார்கள் என்று வாதிட்ட ஒருவர், அதன் இராணுவக் கையேட்டின் பக்கங்களையே எடுத்துப் போட்டார். அதே ஆண்டில் பிரான்ஸின் லெக்லெர்க் டாங்கிக்கும் அதே கதி. 2023 ஜனவரியில் எஃப்-16 விமானத்தின் கட்டுப்படுத்தப்பட்ட ஆவணங்கள் வந்து விழுந்தன. அந்த விளையாட்டை நடத்துபவர்களே அவற்றை அவசரமாக நீக்க வேண்டியிருந்தது. இவர்களில் யாரையும் எதிரிநாடு விலைக்கு வாங்கியதாகச் செய்தி இல்லை. வாதத்தில் தோற்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இன்னொரு வழக்கில், சிமுலேஷன் மென்பொருள் நிறுவனத்தில் வேலைபார்த்த ரஷ்யர் ஒருவர் எஃப்-16 கையேடுகளை இணைய ஏலத்தில் வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுபோக முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2019-ல் ஜார்ஜியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சிறையில் அடைபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு நாடு திரும்பினார். விமானங்களின்மேல் இருந்த ஆசையே அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை அதே ஆசையுள்ள பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அது பழைய நோட்டு, அதில் என்ன இரகசியம் இருக்கப்போகிறது?" என்று பின்னர் அந்தப் பெரியப்பாவே என்னிடம் கேட்டார். சேவையில் இருந்தவர்களே இப்படிக் கேட்பதால் சற்று நின்று விளக்குகிறேன். நம் நாட்டில் டாப் சீக்ரெட், சீக்ரெட், கான்ஃபிடென்ஷியல், ரெஸ்ட்ரிக்டட் என்று நான்கு படிகள் உண்டு. கடைசிப் படி என்பதால் 'ரெஸ்ட்ரிக்டட்' முத்திரையை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். பணியிடத்தில் தினமும் கையில் புழங்கிய காகிதங்களில் அதுவே மிகுதி என்பதால் அந்த அலட்சியம் இன்னும் கூடிவிடுகிறது. ஆனால் ஒரு விமானத்தின் உண்மையான திறனைச் சொல்வது இந்தச் சலிப்பூட்டும் பக்கங்கள்தான். விமானத்தின் புகைப்படம் உலகெங்கும் கிடைக்கிறது. நீளமும் இறக்கை அகலமும் தயாரிப்பாளரின் விளம்பரத் தாளிலேயே இருக்கின்றன. எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எவ்வளவு எரிபொருள் செலவாகும் என்ற அட்டவணை ஒன்று கிடைத்தால், அது எவ்வளவு தூரம் போய்த் தாக்கிவிட்டுத் திரும்பும் என்று கணக்கிட்டுவிடலாம். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எந்தப் பாகத்தை மாற்றுகிறோம் என்பது தெரிந்தால், நீண்ட போரில் எத்தனை விமானங்கள் தயார்நிலையில் இருக்கும் என்பது தெரிந்துவிடும். தேடுபவர்கள் இவற்றை ஒரே இடத்தில் கேட்பதில்லை. வேலூரில் ஒரு புள்ளி, ஆதம்பூரில் ஒரு புள்ளி, ஜாம்நகரில் ஒரு புள்ளி என்று வாங்கிக்கொண்டு, கோலத்தை வேறெங்கோ உட்கார்ந்து போடுவார்கள். 2017 நவம்பரில் உடற்பயிற்சிச் செயலி ஒன்று, பயனாளர்கள் ஓடிய தடங்களையெல்லாம் சேர்த்து உலக வரைபடமாக வெளியிட்டபோது, பாலைவனத்து இராணுவ முகாம்களின் எல்லைகள் பளிச்சென்று தெரிந்ததை நினைத்துப்பாருங்கள். ஓடிய வீரர்களில் ஒருவருக்கும் தாம் எதையும் சொல்லிவிட்டதாகத் தெரியாது.

சட்டமும் அறியாமையை மன்னிப்பதில்லை. 1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஆவணத்தைக் கொடுத்தவரை மட்டும் பிடிப்பதில்லை. உரிமையின்றி வைத்திருந்தவர், பாதுகாப்பதில் போதிய கவனம் எடுக்காதவர், இன்னதென்று தெரிந்தே வாங்கிக்கொண்டவர் எல்லாரும் அதில் அடங்குவர். மூன்று ஆண்டுகள்வரை சிறை உண்டு. ஒற்று வேலை சார்ந்த 3-ஆம் பிரிவுக்குள் போய்விட்டால், படை விவகாரங்களில் அது பதினான்கு ஆண்டுகள்வரை. விமானப்படையில் சேரத் துடிக்கும் ஒரு பையன்மேல் விசாரணை என்ற சொல் விழுந்தாலே போதும், போலீஸ் சரிபார்ப்பில் அவன் வழி அடைபட்டுவிடக்கூடும். மாடியறையில் அவனோடு பேசும்போது எனக்குக் கை சில்லிட்டதற்கு இதுவே காரணம்.

கம்மவான்பேட்டையை ஊரார் ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். அப்படிப்பட்ட ஊர்கள் நிறைந்த பகுதி நம்முடையது. பெயரும் படை எண்ணும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய ட்ரங்குப் பெட்டி இங்கே பல வீடுகளின் பரணில் இருக்கிறது. என் சக ஓய்வாளர்களுக்கு என் வேண்டுகோள்: இந்த வாரமே அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பதக்கமும் குழுப் புகைப்படமும் உங்களுடையவை. பயிற்சிக் காலத்தில் நம் கையாலேயே எழுதிய நோட்டாக இருந்தாலும், முத்திரை விழுந்த பக்கம் படைக்குச் சொந்தமானது. அதைப் பழைய பேப்பர் கடையில் போடவும் வேண்டாம், பேரனுக்குப் பெருமையாகக் காட்டவும் வேண்டாம். வழி தெரியாதவர்கள் வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு, சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. விமானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய ஒருவர், ஆட்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அப்போது பயந்துபோய் உரையாடலை அழித்துவிடக் கூடாது. படம் எடுத்து வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் தான் எதையும் அனுப்பவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து எழும் பி-8ஐ கண்காணிப்பு விமானங்களை அண்ணாந்து பார்ப்பதில் தவறே இல்லை, நானும் பார்க்கிறேன். எத்தனை மணிக்கு எழுந்தது, எப்போது இறங்கியது என்று நாள்தோறும் குறித்து இணையத்தில் போடும் பழக்கம் வேண்டாம். பணியில் இருக்கும் அண்ணன் விடுமுறைக்கு வரும்போது அவருடைய செல்பேசியைக் கேம் ஆட வாங்காதீர்கள்; 2020-ல் இராணுவம் 89 செயலிகளைத் தன் வீரர்களின் செல்பேசிகளிலிருந்து நீக்கச் சொன்னபோது, அந்தப் பட்டியலில் பப்ஜியும் இருந்தது.

இத்தனையையும் படித்துவிட்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். நம் விமானப்படையே 2019 ஜூலையில் செல்பேசி விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. இளைஞர்களின் ஆசையை அவர்கள் மதிக்கிறார்கள். வெளிப்படையாகக் கிடைக்கும் தகவலே ஒரு மாணவனுக்கு ஆண்டுக்கணக்கில் போதும். பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குக் காட்பாடியில் காலையில் ரயிலேறிப் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். அங்கே விமானங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

அந்தப் பையனின் கதைக்கு வருகிறேன். பெரியப்பா நோட்டைத் தாமே எடுத்துக்கொண்டு, தாம் கடைசியாகப் பணிபுரிந்த தளத்துக்குப் போய், நடந்ததைச் சொல்லி, பாதுகாப்பு அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். படங்கள் நீக்கப்பட்டன. ஆனால் பையனின் முகம் வாடியிருந்தது. "அப்ப நிஜ நம்பர் எனக்கு எப்பவுமே தெரியாதா சார்?" என்றான். அந்தக் கேள்விக்குக் கடன்பட்டவனாக, அடுத்த ஞாயிறு அவனைத் தாளும் பென்சிலும் எடுக்கச் சொன்னேன்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம், 7 ஜி திருப்பம். பிளஸ் டூ இயற்பியலில் உள்ள வட்ட இயக்கச் சமன்பாடுதான். வேகத்தை விநாடிக்கு 250 மீட்டர் என்று மாற்றினான். விமானம் கிடைமட்டமாகத் திரும்பும்போது ஏழில் ஒரு பங்கு ஈர்ப்புக்கு ஈடுகொடுக்கப் போய்விடும் என்பதை மட்டும் நான் எடுத்துக்கொடுத்தேன். நாற்பத்தொன்பதில் ஒன்றைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தான். ஆரம் ஏறத்தாழ 920 மீட்டர், முழு வட்டத்துக்கு 23 விநாடி. பிறகு தையல் மேசைக்குப் போய், மூன்றாயிரம் மீட்டர் உயரத்தில் மிக்-21-ஐ அதே வேகத்தில் வைத்து, ஸ்டிக்கை இழுத்துக்கொண்டே நிறுத்துக்கடிகாரத்தைப் பார்த்தான். கால் வட்டம் கணக்குப்படி வந்தது. அரை வட்டத்துக்குள் வேகமானியின் முள் சரிந்துகொண்டே போனது. 7 ஜி-யை அவனால் பிடித்துவைக்க முடியவில்லை. கணக்கில் தவறா, மென்பொருளில் தவறா என்று கேட்டான். இரண்டிலும் இல்லை, அந்த முக்கோண இறக்கையைப் பார் என்றேன். மூக்கை அதிகம் தூக்கினால் அதன் இழுவை எப்படி ஏறும், இன்ஜின் அதற்கு ஏன் ஈடுகொடுக்காது என்று படம் வரைந்து காட்டினேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்க நான் எழுந்தபோது, அவன் 6 ஜி-க்கு மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.