பாதியில் நின்ற கரண்ட் சிகிச்சை

ராமநாதபுரம் கடலோர ஊர்களில் புற்றுநோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் செவிலியர் நான். கொரோனா ஊரடங்கு முடிந்து இத்தனை வருடமான பிறகும், "அப்பவே நின்னு போச்சு சிஸ்டர், அதோட விட்டுட்டோம்" என்று சொல்லும் குடும்பங்களைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2020 மார்ச் 24 மாலை இங்கே 144 தடை வந்தது. எங்கள் பக்கத்து நோயாளிகள் பெரும்பாலும் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, மதுரைக்குத்தான் போவார்கள். ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர், இடையில் சிவகங்கை மாவட்டம் வேறு. பாசஞ்சர் ரயிலை நம்பி இருந்தவர்களுக்கு ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. மருத்துவத்துக்கு இ-பாஸ் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் அதை போனில் விண்ணப்பிக்கத் தெரிய வேண்டும், வாடகைக் காருக்குக் காசு வேண்டும். அந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் முன்பே கடலுக்குப் போவது நின்றுவிட்டது. காசுக்கு எங்கே போவார்கள்?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வாரம் ஐந்து நாள் வீதம் சுமார் ஐந்து வாரம் வெளியிலிருந்து கரண்ட் வைப்பார்கள். அப்புறம் உள்ளே வைக்கும் கதிர்வீச்சு. எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். நடுவில் நின்றால், மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் மறுபடி பெருகும். மண்டபம் பக்கத்தில் ஓர் அம்மா பாதிக்கு மேல் முடித்திருந்தார். ரத்தப்போக்கு நின்றிருந்ததால் குணமாகிவிட்டது என்றே வீட்டில் நம்பினார்கள். நான் பார்த்தபோது ரத்தம் திரும்ப வந்து, ஒரு கால் வீங்கியிருந்தது. அறிகுறி அடங்குவது வேறு, நோய் தீர்வது வேறு என்று அவர்களுக்கு யாரும் நிதானமாகச் சொல்லவில்லை.

இது எங்கள் ஊர்க்கதை மட்டும் இல்லை. இந்தியாவில் 41 புற்றுநோய் மையங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 2020 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவு செய்த நோயாளிகள் முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 54 சதவீதம் குறைவு. நோய் குறைந்துவிடவில்லை, ஆட்கள்தான் வரவில்லை.

வீட்டோடு இருந்தவர்களின் பாடு இன்னும் மோசம். வாய்ப் புற்று கன்னத்தைத் துளைத்து வெளியே வந்திருந்த ஒரு மீனவருக்கு அவர் மகள்தான் கட்டுப் போட்டாள். நான் வீடியோ காலில் சொல்லச் சொல்ல, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவினாள். டாக்டர் எழுதியிருந்த மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினாள். கருவாடு காயும் இடம், ஈக்கு வேலி கிடையாது. அதனால் கொசுவலைக்குள் படுக்கச் சொன்னேன். சில நாளில் நாற்றம் குறைந்தது. அதற்குப் பிறகுதான் பேரப்பிள்ளைகளை அவர் பக்கத்தில் விட்டார்கள். புண்ணைவிட அந்த விலக்கம்தான் அவரை அதிகம் வாட்டியது என்பது என் எண்ணம்.

வலிக்கு மார்பின் மாத்திரை. சாதாரண வகையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். அது எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது, அங்கீகாரம் உள்ள மருத்துவமனைகளில்தான் வாங்க முடியும். வாங்கப் போக வழியில்லாமல் மாத்திரை தீர்ந்த வீடுகளில் ராத்திரி முழுக்க யாரும் தூங்கவில்லை. திடீரென்று நிறுத்தினால் வலியோடு வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். அடிமையாகிவிடுவோம் என்று பயந்து பாதி மாத்திரை கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டாக்டர் சொன்ன அளவில் புற்றுநோய் வலிக்குக் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். மலச்சிக்கலுக்கான மருந்தை மட்டும் கூடவே கொடுங்கள்.

இன்னொன்று. பாதுகாப்பு உடையோடு நாங்கள் இறங்கினாலே அந்த வீட்டில் கொரோனா என்று தெருவே கதவைச் சாத்தியது. சில குடும்பங்கள் எங்களை வர வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கும் அதே தெருவில்தானே அவர்கள் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சேவை வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அல்லது 104க்கு போன் செய்யுங்கள். புயல் மாதங்களில் மாத்திரை தீரும் வரை காத்திருக்காமல், ஒரு மாதத்துக்குத் தரும்படி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அப்போது சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள், இப்போது ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை போய்க் காட்டுங்கள். பழைய ஃபைல் தொலைந்திருந்தால் பெயரையும் வருடத்தையும் சொல்லிப் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று யாராவது சத்தம் போட்டால், அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். டாக்டரைப் பார்த்துவிட்டே வாருங்கள்.