ரூட் கெனால் கழுவும் நீர்: முதலில் லேபிளைப் படம் எடுங்கள், அப்புறம் ஆபீஸுக்குப் போங்கள்

ரூட் கெனால் செய்யும்போது பல்லின் வேருக்குள் ஊசியால் ஒரு நீரை விட்டுக் கழுவுவார்கள். பெரும்பாலும் அது சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் பிளீச்சில் இருப்பதும் அதுதான். 0.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதம் வரை பயன்படுத்துகிறார்கள். கிருமியைக் கொல்ல அது வேண்டியதுதான், அதில் தவறில்லை. வேர் நுனியைத் தாண்டி வெளியே கசிந்தால்தான் வினை. அந்த நொடியே தாங்க முடியாத வலி, சில நிமிடங்களில் கன்னம் வீங்கும், கண்ணுக்குக் கீழே கன்றிப் போகும்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு அக்காவுக்கு இப்படி ஆனபோது, "மரத்துப்போகும் ஊசி உங்களுக்கு ஒத்துக்கல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த சீட்டில் மாத்திரை பெயர்கள் மட்டும். எந்த நீர், எவ்வளவு வீரியம் என்று ஒரு வரி கிடையாது. அந்தச் சீட்டோடு அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை.

சட்டம் இவ்வளவுதான்: பல் சிகிச்சைக்கென்று விற்கும் நீர், மருந்தாக இருந்தாலும் மருத்துவச் சாதனமாக இருந்தாலும், 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள் வரும். சாதனங்களுக்குத் தனியாக 2017 விதிகள் இருக்கின்றன. லேபிளில் தயாரித்தவர் பெயர், லாட் எண், காலாவதி தேதி, உரிம எண் இருக்க வேண்டும். வீட்டுக்கு விற்கும் பிளீச்சுக்கு இந்த வேலைக்கான உரிமம் கிடையாது. லேபிள் கிழிந்த தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, வெயில் படும் ஜன்னலோரம் வைத்திருந்தால் யோசியுங்கள். வெளிச்சமும் சூடும் பட்டால் ஹைப்போகுளோரைட்டின் வீரியம் குறைந்துவிடும்.

கழுவுவது வெறும் சலைன் (உப்பு நீர்)தானே என்றும் விட்டுவிடாதீர்கள். 2023-இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனவர்களில் 8 பேர் மூளையைத் தாக்கும் கிருமித்தொற்றால் இறந்தார்கள். திறந்த சலைன் பாட்டிலைச் சரியாக மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதுதான் காரணம் என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது.

ஆகவே நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கேளுங்கள்: "டாக்டர், வேரைக் கழுவ என்ன பயன்படுத்துறீங்க? பாட்டிலை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" கூடவே, பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற ரப்பர் விரிப்பைப் போடுவார்களா என்றும் கேளுங்கள். நீர் தொண்டைக்குள் போகாமல் தடுப்பது அது. நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

இனி அலைச்சல். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போனால், "சிகிச்சைத் தவறு எங்க வேலை இல்லை, ஜே.டி. ஆபீஸுக்குப் போங்க" என்பார்கள். ஜே.டி. என்கிற மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் ஆபீஸில், "மருந்து சம்பந்தப்பட்டதுன்னா அங்கதான் போகணும்" என்று திருப்பிவிடுவார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருப்பதால்தான் மக்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பாட்டிலைப் பற்றிய புகார் ஒரு மனு, கிளினிக்கைப் பற்றிய புகார் இன்னொரு மனு. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் அது நகரவே நகராது. முதல் மனு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு, லேபிள் படத்தோடு. இரண்டாவது இணை இயக்குநருக்கு. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கிளினிக் பதிவாகியிருக்கிறதா என்று அதிலேயே கேளுங்கள். இரண்டுக்கும் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

"நீங்களே லேபுக்கு அனுப்பிப் பாருங்க" என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். பொதுமக்கள் அரசு ஆய்வகத்தில் மருந்தைச் சோதிக்கலாம் என்று 1940 மருந்துச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் அது நீங்கள் விலை கொடுத்து வாங்கிய மருந்துக்கு மட்டும். கிளினிக் அலமாரியில் இருக்கும் பாட்டில் நீங்கள் வாங்கியதல்ல. அதை மாதிரி எடுக்க வேண்டியவர் மருந்து ஆய்வாளர். மனுவில் அதையே கேளுங்கள்.

பணம் திரும்ப வேண்டும், இழப்பீடு வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம்தான் வழி. பல் மருத்துவக் கவுன்சில் டாக்டர் மேல் நடவடிக்கை எடுக்கலாம், உங்களுக்கு ஒரு ரூபாய் வாங்கித் தராது. கவுன்சில் பதிலுக்காகக் காத்திருந்து, ஆணையத்தில் மனு போடுவதற்கான இரண்டு வருடக் கெடுவைக் கோட்டை விட்டவர்களைப் பார்த்து நொந்துபோயிருக்கிறேன். கவுன்சில் விசாரணை நடக்கட்டும், ஆணையத்தில் மனுவைப் போட்டுவிடுங்கள். திருச்சியில் சிகிச்சை செய்துகொண்ட மன்னார்குடிக்காரர் திருச்சிக்கு அலைய வேண்டாம், திருவாரூரிலேயே போடலாம். சிகிச்சைக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்த சிகிச்சைக்கு ஆணையத்தில் மனு போட முடியாது.

பில் இல்லாவிட்டால் வழக்கு நொண்டும். "ரசீது வேண்டாம், 500 குறைச்சுக்கிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜிபேயில் அனுப்பினால் அந்தப் பதிவாவது மிஞ்சும்.

வீக்கம் வந்த அன்றே முகத்தைப் படம் எடுங்கள். சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே இரண்டின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். தாமதிக்காமல் வேறொரு பல் மருத்துவரிடம், முடிந்தால் சிதம்பரம் அண்ணாமலைநகர் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டி, பார்த்ததை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆணையத்தில் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது, "வேறு டாக்டர் யாராவது இதைச் சொன்னாரா?" என்றுதான்.