முடிவைப் பார்க்காத இறந்தகாலம்: பிரெஞ்சின் அம்பார்ஃபே

பதினான்காம் லூயி பிரான்ஸை 1643 முதல் 1715 வரை 72 ஆண்டுகள் ஆண்டார். இதைப் பிரெஞ்சில் எந்த இறந்தகாலத்தில் சொல்வது? நீளமான செயலுக்கு 'அம்பார்ஃபே', சட்டென்று முடியும் செயலுக்கு 'பஸே கொம்போஸே' என்றுதான் தொடக்க வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை அப்படியே நம்பினால் 72 ஆண்டு ஆட்சிக்கு அம்பார்ஃபே போட வேண்டும். பிரெஞ்சுக்காரரோ பஸே கொம்போஸேயில் 'இல் அ ரேஞே' என்பார். கொஞ்ச நஞ்சமல்ல, 72 ஆண்டுகள்! ஆனாலும் தொடக்கமும் முடிவும் தெரிந்த ஒரு முழுத்துண்டாக அதைப் பார்த்தால் அம்பார்ஃபேக்கு அங்கே இடமில்லை.

இப்போது வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றுவோம். 1661இல் அமைச்சர் மஸாரன் இறந்தபோது லூயிதான் அரசர், ஆட்சி நடந்துகொண்டிருந்தது. இங்கே துணைவினையான 'அ' கழன்று, 'இல் ரேஞே' என்ற அம்பார்ஃபே வருகிறது. அதே அரசர், அதே ஆட்சி. மாறியது நாம் நிற்கும் இடம் மட்டும்தான். முதல் வாக்கியத்தில் ஆட்சிக்கு வெளியே நின்று அதை அளந்தோம். இரண்டாவதில் அதற்குள்ளே நிற்கிறோம். அது எப்போது முடிந்தது என்பது அங்கே பேச்சே இல்லை. அம்பார்ஃபேயின் சூட்சுமம் இதுதான், கால அளவு இல்லை. வகுப்பில் முதலில் சொல்ல வேண்டியதும் இதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழில் இந்த வேலையை மூன்று பேர் பங்குபோட்டுச் செய்கிறார்கள். 'மழை பெய்துகொண்டிருந்தது' என்கிறோம். 'வீடு பெரிதாக இருந்தது' என்கிறோம். பழைய வழக்கத்தைச் சொல்லும்போது எதிர்கால வடிவத்தையே கடன் வாங்கி, 'அப்போதெல்லாம் தாத்தா தினமும் ஆற்றுக்குப் போவார்' என்கிறோம். இந்த மூன்றுக்கும் பிரெஞ்சில் ஒரே அம்பார்ஃபே. தமிழரைக் குழப்புவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். 'போவார்' என்பது மனதில் எதிர்காலமாகவே பதிந்திருப்பதால், பிரெஞ்சிலும் கை தானாக எதிர்காலத்தைத் தேடும்.

சரி, வடிவத்துக்கு வருவோம். பிரெஞ்சு வினைகளில் இவ்வளவு ஒழுங்கான காலம் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். நிகழ்காலத்தில் 'நாங்கள்' என்பதற்கு உரிய 'நூ' வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'எடுக்கிறோம்' என்பது 'நூ ப்ரெனோன்'. கடைசியில் எழுதும் ஓ-என்-எஸ் என்ற மூன்று எழுத்துகளை வெட்டினால் 'ப்ரென்' என்ற அடி நிற்கும். அதோடு அம்பார்ஃபே விகுதியைச் சேர்த்தால் 'ஜெ ப்ரெனே', நான் எடுத்துக்கொண்டிருந்தேன். 'நூ ஃபினிசோன்' என்பதிலிருந்து இதே வழியில் 'ஜெ ஃபினிசே'. நிகழ்காலத்தில் முரண்டுபிடிக்கும் வினைகள்கூட இங்கே அடங்கிப்போகும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று, 'இரு' என்னும் பொருளுடைய 'எத்ர்'. அதற்கு மட்டும் அடி 'எத்'. 'ஜெத்தே' என்றால் நான் இருந்தேன். மழைக்கான வினைபோல 'நூ' வடிவமே இல்லாத சில வினைகள் உண்டு. அவற்றுக்கு 'இல் ப்ளவே' போன்ற ஒற்றை வடிவத்தைத் தெரிந்துவைத்தால் போதும்.

விகுதிகள் ஆறு. ஆனால் நான், நீ, அவர், அவர்கள் ஆகிய நான்குக்கும் காதில் விழுவது ஒரே 'ஏ' ஒலிதான். எழுத்தில் முறையே ஏ-ஐ-எஸ், மறுபடியும் ஏ-ஐ-எஸ், ஏ-ஐ-டி, ஏ-ஐ-இ-என்-டி. இந்த எழுத்துக்கூட்டலுக்கு ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் இங்கே 'ஏ' எழுத்துக்குப் பதில் 'ஓ' எழுதினார்கள். உச்சரிப்பு மாறிப்போன பிறகும் எழுத்து அப்படியே நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் எழுத்தாளர் வோல்தேர் அதை மாற்றச் சொல்லி விடாமல் வாதாடினார். பிரெஞ்சு மொழிக்கான அதிகாரபூர்வ அமைப்பான பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் ஆறாம் பதிப்பில் அதை ஏற்றுக்கொண்டது 1835இல்தான். அப்போது அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது.

அப்புறம், அம்பார்ஃபே இறந்தகாலத்தை விட்டு வெளியேயும் நடமாடுகிறது. 'என்னிடம் பணம் இருந்தால் வீடு வாங்குவேன்' என்ற வாக்கியத்தில், 'இருந்தால்' என்பதிலுள்ள 'ஆல்' போல நிபந்தனையைக் காட்டும் 'சி' என்ற சொல்லை அடுத்து வருவது அம்பார்ஃபே. அந்த இடத்தில் 'ரே' என்று முடியும் நிபந்தனை வடிவத்தைப் போட்டுவிடுவது பிரெஞ்சுக் குழந்தைகளே செய்யும் தவறு. அதற்காகவே பள்ளியில் ஒரு வாசகம் சொல்லித்தருகிறார்கள்: 'லே சி நெம் பா லே ரே'. 'சி'க்கு 'ரே' பிடிக்காது என்பது இலக்கணம். ரம்பத்துக்குத் திருக்கை மீன் பிடிக்காது என்றும் அதே ஒலிக்கு அர்த்தம் வரும், அதனால் பிள்ளைகளுக்கு மறப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது குழந்தைகளின் விளையாட்டில் வரும் அம்பார்ஃபே. ஆட்டம் தொடங்குமுன் யார் யார் என்ன வேடம் என்று பேசிக்கொள்ளும்போது, 'நான் டாக்டராக இருந்தேன், நீ நோயாளியாக இருந்தாய்' என்று அம்பார்ஃபேயில் சொல்கிறார்கள். ஆட்டம் இனிமேல்தான், ஆனால் வினை இறந்தகாலத்தில்! மொழியியலாளர்கள் இதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். இப்போது, இங்கே என்ற நிஜத்திலிருந்து ஒரு அடி தள்ளி நிற்பதற்கு அம்பார்ஃபே வசதியாக இருக்கிறது. இல்லாத பணத்தைப் பேசும்போதும், போட்டுக்கொள்ளப்போகும் வேடத்தைப் பேசும்போதும் நடப்பது அதுதான். அந்த ஒரு அடி மரியாதைக்கும் உதவும். அலுவலகத்தில் 'ஜெ வூலே' என்று தொடங்கி உதவி கேட்பவர் எதிரே இருப்பவரை நெருக்குவதில்லை; 'கேட்கலாம் என்று நினைத்தேன்' என்று நாம் இழுத்துப் பேசுவதுபோலத்தான். நிகழ்காலத்தில் 'ஜெ வெ' என்றால் 'எனக்கு வேண்டும்' என்று கறாராக ஒலிக்கும்.