உடம்பில் ஒட்டவில்லை என்றால்

கணையப் புற்றுநோய்க்காக அப்பாவையோ அம்மாவையோ பெங்களூருக்கும் சேலத்துக்கும் கூட்டிக்கொண்டு அலையும் பிள்ளைகள், இடையில் கிருஷ்ணகிரியில் என்னைப் பார்க்க வரும்போது அதிகம் சொல்வது இதுதான்: "எது குடுத்தாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது டாக்டர்."

கீமோ என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். பலருக்குக் காரணம் வேறு. கொழுப்பைச் செரிக்கும் நீர் கணையத்திலிருந்துதான் வர வேண்டும். கட்டி அந்தக் குழாயை அடைத்துவிட்டால், தின்றது செரிக்காமலே வெளியேறும். மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கிறதா, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் நிற்கிறதா என்று கேளுங்கள். மகளிடமோ மருமகளிடமோ இதைச் சொல்ல அப்பாக்கள் கூச்சப்படுவார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

இதற்கு பான்கிரியாட்டின் என்ற என்சைம் கேப்சூல் உண்டு. வாங்கியும் பலனில்லை என்பவர்களிடம் விசாரித்தால், மற்ற மாத்திரைகளோடு சேர்த்து, சாப்பிட்டு முடித்த பிறகு கொடுத்திருப்பார்கள். அது சாப்பாட்டோடு கலந்தால்தான் வேலை செய்யும். ராகிக் களியில் முதல் வாய் வைக்கும்போதே ஒன்று. வேளைக்கு இரண்டு என்றால், மற்றது பாதிச் சாப்பாட்டில். சாயங்காலம் பாலோ வேர்க்கடலையோ கொடுத்தாலும் கேப்சூல் வேண்டும். மெல்லக் கூடாது, சூடான கஞ்சியில் பிரித்துக் கொட்டவும் கூடாது. அப்படியும் மலம் மிதந்தால் அளவைக் கூட்ட வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். பயந்துகொண்டு எண்ணெய், நெய்யை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். இளைத்துக்கொண்டே போகிற உடம்புக்கு அது தேவை. சர்க்கரையும் அடிக்கடி பாருங்கள், இன்சுலினும் கணையத்தில்தான் சுரக்கிறது.

அப்புறம் காய்ச்சல். கீமோ ஏறி ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். தெர்மாமீட்டர் 100.4 காட்டினால், பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. பித்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தவருக்குக் குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படியே. பெங்களூர் வரை ஓட வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதலில் போங்கள், கிருஷ்ணகிரியோ தருமபுரியோ. ஃபைலை நீட்டும்போதே "கீமோ நடக்குது" என்று சொல்லுங்கள்.

ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே விரல் சுரீரென்னும், தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக்கு வெந்நீரும் கையுறையும் வேண்டும்.

கதிர்வீச்சு பல வாரங்கள் என்றால், தினமும் பஸ்ஸில் போய்வர வைக்காதீர்கள். மருத்துவமனைப் பக்கமே ஓர் அறை பாருங்கள். தோலில் போட்ட குறிகளைத் தேய்த்துக் கழுவக் கூடாது.

வலி வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும். தைலம் போதாது. மார்ஃபின் எழுதிக் கொடுத்தால், பழகிவிடும் என்று பாதி மாத்திரையாகக் குறைக்காதீர்கள். சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள், மலச்சிக்கலுக்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். அதற்கும் அடங்காத வலிக்கு, வலியைக் கடத்தும் நரம்பையே ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் வழியும் இருக்கிறது.