மூன்றாவது ஊசி எதற்கு?

தெருவில் கிடந்த நாய்க்குட்டியை எடுத்து வந்து வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எட்டு வாரத்தில் ஒரு ஊசி போட்டாயிற்று. அதே ஊசிக்கு இன்னும் இரண்டு முறை வரச் சொல்கிறார் டாக்டர். நிஜமாகவே தேவையா, காசு பார்க்கிறாரா?”

கேட்க வேண்டிய கேள்விதான். தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், ஆனால் அது மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குடற்புழு மருந்து, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, மாநகராட்சி உரிமம், பிறகு கருத்தடை என்று அந்தப் பொறுப்பின் பட்டியல் நீளம். அதில் பலரும் பாதியில் கைவிடுவது இந்தத் தொடர் ஊசியைத்தான்.

ஊசியின் முக்கிய இலக்கு, குட்டிகளுக்கு ரத்தப் பேதி உண்டாக்கிக் கொல்லும் பார்வோ வைரஸ். 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவியது. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு நெருங்கிய உறவு. கொழுப்பு உறை கிடையாது என்பதால் சானிடைசருக்கு மசியாது, மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வேகமாகப் பிரியும் செல்களில்தான் பெருகும். வளரும் குட்டியின் குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் அப்படிப்பட்ட செல்கள் ஏராளம். ரத்தம் கலந்த அந்தப் பேதியின் வாடையை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

டாக்டர் ஊசி போடுவதைக் கவனித்திருப்பீர்கள். குளிர்பெட்டியிலிருந்து இரண்டு சின்னக் குப்பிகளை எடுப்பார். ஒன்றில் உறையவைத்து உலர்த்திய வெள்ளை வில்லை, மற்றதில் திரவம். திரவத்தை உறிஞ்சி வில்லையின் மேல் விட்டுக் கரைத்து, குட்டியின் பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்துச் செலுத்துவார். குப்பியின் லேபிளை உரித்து அட்டையில் ஒட்டிவிடுவார். அந்த வில்லையில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிர்ப்புள்ள பார்வோ வைரஸ். அது குட்டியின் உடம்பில் கொஞ்சமாவது பெருகினால்தான் நோயெதிர்ப்பு மண்டலம் அதை அடையாளம் கண்டு பழகும்.

பெருகவிடாமல் தடுப்பது யார் தெரியுமா? தாய்!

மனிதக் குழந்தை கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்புப் புரதங்களைப் பெற்றுவிடுகிறது. நாயின் நஞ்சுக்கொடி அவ்வளவு தாராளம் இல்லை. சிறு பங்கைத்தான் விடும். மீதியெல்லாம் சீம்பால் வழியாக வர வேண்டும். அதற்கும் கெடு உண்டு. பிறந்து ஏறக்குறைய ஒரு நாள் வரைதான் குட்டியின் குடல் அந்தப் பெரிய புரதங்களை முழுசாக ரத்தத்துக்குள் விடும். பிறகு வழி அடைபட்டுவிடும். முதலில் முண்டியடித்துக் குடித்த குட்டிக்கு நிறைய, ஓரத்தில் தள்ளப்பட்ட சவலைக்குக் கொஞ்சம்.

இந்த இரவல் சரக்கு பத்து நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகிறது. அது இருக்கும்வரை, திருடனை விரட்டுகிற கையோடு திருடனைப் பிடிக்கக் கற்றுத்தர வந்தவரையும் விரட்டிவிடும் காவலாளிபோல, தடுப்பூசி வைரஸையும் சேர்த்து முடக்கிவிடும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிடம் மற்றதைவிட எட்டு மடங்கு இருக்கிறது. எட்டு நாலாகி, நாலு இரண்டாகி, இரண்டு ஒன்றாக மூன்று முறை பாதியாக வேண்டும். ஒரு மாதம் ஆகிவிடும். எட்டாம் வாரம் போட்ட ஊசி, குறைந்த சரக்குள்ள குட்டிக்குப் பிடிக்கும், அதாவது வேலை செய்யும். நிறைய உள்ளதற்கு அது வீண். பன்னிரண்டாம் வாரம்தான் பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் வாலாட்டும்.

நடுவில் ஒரு பொல்லாத இடைவெளியும் உண்டு. தாய் தந்தது தெருவில் சுற்றும் வீரியமான வைரஸைத் தடுக்கப் போதாது, தடுப்பூசியைக் கெடுக்க மட்டும் போதும். சில வாரம் நீடிக்கும் இந்தக் கட்டத்தில்தான், ஊசி போட்ட குட்டியும் பார்வோவில் சாகிறது, பழி டாக்டர் மேல் விழுகிறது. ஆகவே இரண்டு முதல் நாலு வார இடைவெளியில், 16 வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் முதல் ஊசிக்கு வலுவூட்ட வந்தவை அல்ல, முதலாவது பிடிக்காமல் போயிருந்தால் என்ற ஐயத்தில் செய்யும் மறுமுயற்சிகள்.

“நாட்டு நாய்க்கு எதுக்குங்க ஊசி, தெருவுல வளர்ந்த உடம்பு” என்பார்கள். செத்த குட்டிகள் நம் கண்ணில் படுவதில்லை. பிழைத்தவை மட்டும் தெருமுனையில் நின்று அந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்கின்றன. இதில் இன்னொரு வேடிக்கை: பார்வோ வந்து பிழைத்த தெருத்தாய் குட்டிக்குத் தருவது பெரிய சரக்கு. அது கரைய நாளாகும், அதுவரை ஊசி பிடிக்காது. எடுத்து வந்த குட்டியின் தாய் யார், சீம்பால் கிடைத்ததா என்று நமக்கு எங்கே தெரியப்போகிறது? கருத்தடைக்கும் காப்பகத்துக்கும் நிதி கேட்டு எல்லோரும் பேசுகிறோம். நம் தெருக்குட்டிகளின் ரத்தத்தில் தாய் தந்த சரக்கு எவ்வளவு மிச்சம் என்று வாராவாரம் அளக்கும் சலிப்பான ஆய்வுக்கும் யாராவது பணம் ஒதுக்கலாம்.

இத்தனைக்கும் நடுவில், குட்டி மனிதர்களையும் சத்தங்களையும் பயமின்றி ஏற்கப் பழகுவது மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரையிலான அதே காலத்தில். அறைக்குள் பூட்டி வைத்தால் வளர்ந்தபின் ஆட்டோ ஹாரனுக்கே நடுங்கும். எனவே வெளியே கொண்டுபோங்கள், ஆனால் தூக்கிக்கொண்டு. தெரு மண்ணில் இறக்கிவிட வேண்டாம். ஊசி அட்டையைப் புரட்டிப் பாருங்கள். 16 வாரத்துக்குப் பிறகு ஒட்டிய லேபிள் ஒன்றும் இல்லையென்றால் டாக்டர் கூப்பிட்ட தேதிக்குப் போய்விடுங்கள்.