மறுக்கும் தாய்க்கும் கணக்கில் இடம் உண்டு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, பள்ளிக்கூடங்கள் நிவாரண முகாம்களாயின. இப்படிப்பட்ட நேரத்தில் குழந்தைகள் இளைத்துப்போகிறார்களா என்று கண்டறியும் கணக்கெடுப்பின் முறை எளிமையானதுதான்.

6 முதல் 59 மாதக் குழந்தையின் இடது கையில், தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் சரிபாதியில் ஒரு நாடாவைச் சுற்றுவார்கள். 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு. அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. 115க்கும் 125க்கும் இடையே என்றால் மஞ்சள். அப்புறம் எடை, உயரம் பார்ப்பார்கள். நீர்வீக்கம் இருக்கிறதா என்று அறிய, இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி, குழி விழுகிறதா என்றும் பார்ப்பார்கள். சில நிமிட வேலை.

கடினமானது அளப்பதல்ல, அனுமதி கேட்பது. அரிசிக்கும் தார்ப்பாய்க்கும் வரிசையில் நிற்கும் தாய்க்கு, நோட்டும் அடையாள அட்டையுமாக வருகிற எல்லோரும் அதிகாரிகள்தான். வேண்டாம் என்றால் நிவாரணப் பட்டியலில் பேரை எடுத்துவிடுவார்களோ என்று பயந்து அவர் தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று நான் ஏற்கமாட்டேன். அதனால் நிவாரணம் கொடுப்பவரே அளக்க வரக்கூடாது. அளக்கிற இடமும் அரிசி வரிசையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பேச்சை இப்படித் தொடங்கலாம்: "அம்மா, பிள்ளையோட கையை அளந்து பாக்கலாமா? வேணாம்னாலும் உங்களுக்கு வர்ற அரிசி, பால் பவுடர் எதுவும் நிக்காது." இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளில் பேரிடர்க் கால ஆய்வுகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. துயரத்தில் இருப்பவரின் சம்மதத்தைக் கூடுதல் கவனத்தோடு பெற வேண்டும் என்பது அதன் அக்கறைகளில் ஒன்று.

சிலர் மறுத்துவிட்டால் கணக்கெடுப்பே கெட்டுவிடாதா? கெடாமலிருக்கத்தான் வழி வைத்திருக்கிறார்கள். எத்தனை வீடுகளைப் பார்ப்பது என்று தீர்மானிக்கும்போதே, பூட்டிய வீடு, மறுக்கும் வீடு என்று ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள். மறுத்த வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டில் நுழையக்கூடாது என்பது முறையான விதி. ஏனென்றால் பிள்ளை மிகவும் நலிந்திருக்கிற வீடே கதவைச் சாத்தியிருக்கலாம். அதற்குப் பதில் கொழுகொழு பிள்ளை இருக்கிற வீட்டைச் சேர்த்தால், ஊரே நலமாக இருப்பதாகக் கணக்கு காட்டும். "மறுத்தார்" என்று எழுதினால் போதும். வற்புறுத்தி வாங்கிய சம்மதம் கணக்கெடுப்புக்கே தேவையில்லை.

நாடா சிவப்பைக் காட்டினால் அதை எழுதிக்கொண்டு நகர்ந்துவிடக்கூடாது. அன்றே தாயைத் தனியாக அழைத்துச் சொல்லி, சிகிச்சைக்கான சீட்டைக் கொடுக்க வேண்டும். வரிசைக்கு நடுவே நின்று, "உங்க பிள்ளை சிவப்பு" என்று சத்தமாகச் சொல்லக்கூடாது. சீட்டில் பெயர் வேண்டும். மொத்தக் கணக்குக்கோ பெயரே தேவையில்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுதாமல் இருப்பது நல்லது. போட்டோ எடுக்கத் தனியே கேட்க வேண்டும். கையை அளக்கச் சம்மதித்தவர் படம் எடுக்கவும் சம்மதித்ததாக ஆகாது.

கைக்குழந்தையிடம் சம்மதம் கேட்க முடியாதுதான். ஆனால் அது வீறிட்டு அழுதால் நாடாவை எடுத்துவிட்டு, அம்மா மடியில் அமைதியாகட்டும் என்று காத்திருக்கலாம். எடையை அம்மா கையில் இருக்கும்போதே பார்த்துவிட முடியும்: முதலில் அவர் மின்னணுத் தராசில் ஏறுவார், அது காட்டும் எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிள்ளையைக் கையில் கொடுத்தால் அதன் எடை மட்டும் தெரியும்.